கரு தங்காமல் போவது தாயின் எதிர்ப்புச் சக்தியாலா?

உடன்பிறந்த அண்ணன் தன் சிறுநீரகங்களுள் ஒன்றைத் தம்பிக்குத் தருகிறார். இரத்த வகை பொருந்துகிறது. அறுவைச் சிகிச்சையும் நல்லபடியாக முடிகிறது. ஆயினும் அன்று முதல் தம்பி, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளை நாள் தவறாமல் விழுங்கியாக வேண்டும். நிறுத்தினால் அவருடைய வெள்ளை அணுக்கள் அண்ணனின் சிறுநீரகத்தை அந்நியப் பொருளென்று கண்டு அழிக்கத் தொடங்கிவிடும். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கே இந்த நிலை. அப்படியானால், கணவனுடைய மரபணுக்களைச் சரிபாதி தாங்கிய ஒரு கருவைப் பெண்ணின் உடல் எவ்வித மாத்திரையுமின்றி ஒன்பது மாதம் சுமப்பது எவ்வாறு?

இக்கேள்வியை 1953ஆம் ஆண்டில் விஞ்ஞான உலகின் முன் தெளிவாக வைத்தவர் பீட்டர் மெடாவர். லெபனானில் பிறந்த தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் மகனாகப் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது தீக்காயமுற்றோருக்கு ஒட்டப்பட்ட பிறருடைய தோல் ஏன் உதிர்ந்துவிடுகிறது என்று ஆராயத் தொடங்கி, அத்துறையில் 1960இல் நோபல் பரிசும் பெற்றார்.

இது ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே நின்றிருக்குமானால் குடும்ப இதழொன்றில் எழுத வேண்டிய தேவை இருந்திராது. இரண்டு மூன்று முறை கரு கலைந்த பெண்களிடம், "உன் உடம்பே குழந்தையை எதிர்க்கிறது" என்று இன்று சில சிகிச்சைக் கூடங்களில் சொல்லப்படுகிறது. பரிசோதனைகள் எழுதித் தரப்படுகின்றன. விலையுயர்ந்த ஊசிகள் ஏற்றப்படுகின்றன. "பிள்ளை தங்காத வயிறு" என்று உறவினர் முணுமுணுத்த பழிச்சொல்லுக்கு ஒரு மருத்துவப் பெயரும் கிடைத்தது போலாகிவிட்டது. நகையை அடகு வைத்துச் செலவு செய்கிற குடும்பங்கள் இதில் மெய் எவ்வளவு, ஊகம் எவ்வளவு என்று அறிந்துகொள்வது மிக அவசியம்.

பெயரால் கெட்ட அணுக்கள்

மெடாவர் தம் கேள்விக்கு மூன்று விடைகளை ஊகித்தார். தாய்க்கும் சேய்க்கும் இடையே கடக்க முடியாத சுவர் இருக்கலாம். கருவின் அணுக்களில் அந்நிய அடையாளம் இன்னும் தோன்றாமலிருக்கலாம். அல்லது கர்ப்ப காலத்தில் தாயின் எதிர்ப்புச் சக்தி உறங்கிப்போகலாம். மூன்றுமே போதுமான விடைகளல்ல என்று பின்னர் தெரிந்தது. சுவர் முழுமையானதன்று, குழந்தையின் அணுக்கள் தாயின் இரத்தத்துக்குள் சென்று தங்கிவிடுகின்றன. மகனைப் பெற்று 27 ஆண்டுகள் கழிந்த ஒரு தாயின் இரத்தத்தில் ஆண் அணுக்கள் இருந்ததை 1996இல் டயானா பியாஞ்சி குழுவினர் அமெரிக்காவில் கண்டனர். தன் பிள்ளையைத் தாய் பிரசவத்தோடு இறக்கி வைத்துவிடுவதில்லை என்பது உடலளவிலும் உண்மையாக இருக்கிறது!

சரியான விடை கருப்பைக்கு உள்ளேயே இருந்தது. தாயின் திசுவோடு நேருக்கு நேர் உரசுவது கருவன்று, நஞ்சுக்கொடியின் வெளிப்புற அணுக்களே. மாற்றுச் சிறுநீரகத்தைக் காட்டிக்கொடுக்கிற அடையாளங்களுள் முக்கியமானவற்றை இவ்வணுக்கள் வெளிக்காட்டுவதில்லை, பதிலாக எச்.எல்.ஏ.-ஜி என்னும் தனி அடையாளமொன்றை ஏந்தி நிற்கின்றன.

அவற்றை எதிர்கொள்ளும் தாயின் வெள்ளை அணுக்கள் எவை? கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் கருப்பையின் உட்சவ்விலுள்ள வெள்ளை அணுக்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு ஒரே இனத்தைச் சேர்ந்தவை. "இயற்கைக் கொலையாளி அணுக்கள்" என்பது அவற்றின் பெயர். புற்று அணுக்களைக் கொல்லும் திறன் அவ்வினத்துக்கு இருப்பது கண்டு முன்பு வைத்த பெயர் இது. கருப்பையில் உள்ளவை குழந்தையைக் கொல்வதில்லை. தாயின் மெல்லிய சுருள் இரத்தக் குழாய்களை அகலப்படுத்தி, குழந்தைக்குத் தாராளமாக இரத்தம் பாய வழி செய்வதே அவற்றின் வேலை. எலிகளில் இவ்வணுக்கள் இல்லாதபோது அந்தக் குழாய்கள் விரிவதே இல்லை. பெயரைக் கேட்டதும் கொலை என்று நடுங்குகிற பெண்ணுக்கு யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இரத்த அழுத்தம் உயர்ந்து, சிறுநீரில் புரதம் கலந்து, கால் முகம் வீங்கி, தாயையும் சேயையும் ஆபத்தில் தள்ளும் கர்ப்பகால மிகை இரத்த அழுத்த நோயில், இந்தக் குழாய்கள் போதிய அளவு விரிந்திருப்பதில்லை. தாயின் கொலையாளி அணுக்களைத் தளைப்படுத்தும் சில மரபணுக்களும், கரு தந்தையிடமிருந்து பெறும் ஒருவகை அடையாளமும் சேரும்போது இந்நோய் மிகுதியாக வருவதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்டனர். அதாவது, அங்கே கேடு விளைந்தது அவ்வணுக்கள் மிதமிஞ்சித் தாக்கியதால் அல்ல. அவை சோர்ந்து கிடந்ததால். அப்படியிருக்க, இவற்றை அடக்கவென்று ஊசி போடுவது எந்த நியாயத்தில் என்று கேட்கத் தோன்றுகிறது. கையில் எடுத்த இரத்தத்தில் இவ்வணுக்களை எண்ணிக் கருப்பையின் நிலையைச் சொல்வதும் பொருந்தாது. இரண்டிடத்திலும் உள்ளவை தன்மையில் வேறுபட்டவை.

தாயின் உடலில் அமைதி காக்கும் வேறு அணுக்களும் உண்டு. எதிர்ப்புச் சக்தியைக் கட்டுக்குள் வைக்கும் ஒருவகை டி அணுக்களை இனங்கண்ட ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி, 2025இல் அமெரிக்கர் இருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இவ்வணுக்களை இழந்த எலிகள், வேற்றினத் தந்தையின் கருக்களைத் தக்கவைக்க இயலாமல் இழந்ததை 2004இல் ஓர் ஆய்வு காட்டியது. எலியில் கண்டது இதுவரை பெண்களுக்கு நிரூபணமான சிகிச்சையாக மாறிவிடவில்லை.

ஐயமற்ற இரண்டு

தாயின் எதிர்ப்புச் சக்தி கருவுக்குத் தீங்கு செய்வதே இல்லையா? செய்கிறது. திட்டவட்டமாக அறியப்பட்ட இரண்டு நிலைகள் உள்ளன. இரண்டுக்கும் மருந்தும் உண்டு.

முதலாவது, ஆர்.எச். இரத்த வகைப் பொருத்தமின்மை. நம் நாட்டில் 100 பேரில் சுமார் ஐவருக்கு நெகட்டிவ் இரத்தம். நெகட்டிவ் தாயின் வயிற்றில் பாசிட்டிவ் குழந்தை வளர்ந்து, பிரசவத்தின்போது குழந்தையின் சிவப்பணுக்கள் சில தாயின் இரத்தத்தில் கலந்தால், தாயின் உடல் அவற்றுக்கெதிரான பொருளைத் தயாரித்து வைத்துக்கொள்ளும். தலைப்பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த பாசிட்டிவ் குழந்தை இரத்தச் சோகையாலும் மஞ்சள் காமாலையாலும் வதைபடும், சில வேளை கருவிலேயே இறந்துவிடும். முதற்பிள்ளை நலமாயிருக்க, பின்னே வந்தவை ஒன்றன்பின் ஒன்றாக மடிந்ததைக் கண்ட அக்காலத்தவர் கண்ணேறு என்று சொல்லிப் பெருமூச்சு விட்டனர்.

1968இல் ஆன்டி-டி ஊசி விற்பனைக்கு வந்தது. கர்ப்பத்தின் 28ஆம் வாரத்தில் ஒன்றும், பிறந்த குழந்தை பாசிட்டிவ் எனில் 72 மணி நேரத்துக்குள் மற்றொன்றும் போடுவது வழக்கம். கரு கலைந்தாலும், எத்தனை வாரம் ஆயிற்று என்பதைப் பொறுத்து ஊசி தேவைப்படலாம். நெகட்டிவ் என்பதை மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும். எதிர்ப்பொருள் உருவாகிவிட்ட பின் இவ்வூசி பயன்படாது. இந்த மருந்து மனித இரத்தத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் 1954 முதல் 2018 வரை 1,173 முறை இரத்தமும் பிளாஸ்மாவும் தந்து, 2025இல் தம் 88ஆம் வயதில் காலமானார். அவரது கொடையால் காக்கப்பட்ட குழந்தைகள் சுமார் 24 இலட்சம் என்று அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் கணக்கிடுகிறது.

இரண்டாவது, 1983இல் இலண்டனில் கிரகாம் ஹியூஸ் விவரித்த ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய். உடலின் சொந்தப் புரதங்களுக்கெதிராகவே எதிர்ப்பொருள்கள் தோன்றி, இரத்தத்தை உறையச் செய்து, நஞ்சுக்கொடியையும் பாழாக்குகின்றன. திரும்பத் திரும்பக் கரு கலையும் பெண்களில் 100க்குச் சுமார் 15 பேரிடம் இவை காணப்படுகின்றன. 1997இல் இலண்டனில் இத்தகைய 90 பெண்களை இரு பிரிவாக்கிச் சோதித்தனர். ஆஸ்பிரின் மட்டும் உண்ட 45 பேரில் 19 பேருக்கே குழந்தை கிடைத்தது. ஆஸ்பிரினோடு ஹெப்பாரின் ஊசியும் போட்ட 45 பேரில் 32 பேர் குழந்தை பெற்றனர். இப்பரிசோதனையை 12 வார இடைவெளி விட்டு இருமுறை செய்து, இரண்டிலும் இருந்தால்தான் நோய் உண்டென்று முடிவு செய்ய வேண்டும். சாதாரணக் காய்ச்சல்கூடச் சில வாரங்களுக்கு இவ்வெதிர்ப்பொருளைத் தோற்றுவிக்கும். ஒரே முடிவைக் கொண்டு மாதக்கணக்கில் வயிற்றில் ஊசி குத்திக்கொள்ளும் சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். இந்நோய் இல்லாதவர்களுக்கு அதே ஊசியும் மாத்திரையும் நன்மை தரவில்லை என்று 2010இல் நெதர்லாந்து ஆய்வு தெரிவித்தது.

கணவன் இரத்தத்தால் ஒரு சிகிச்சை

கணவனின் இரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து மனைவிக்கு ஊசியாகப் போடும் முறையொன்று உண்டு. கணவனின் அடையாளங்களைத் தாயின் உடலுக்குப் பழக்கினால் கருவைக் காக்கும் பொருள் சுரக்கும் என்பது இதன் தத்துவம். 1985இல் இலண்டனில் மவ்பிரே என்பவர் நடத்திய சிறு ஆய்வில், கணவனின் அணுக்களைப் பெற்ற 22 பேரில் 17 பேர் குழந்தை பெற்றனர். தம் சொந்த அணுக்களைப் பெற்ற 27 பேரில் 10 பேரே பெற்றனர். உலகெங்கும் இது பரவியது. பின்னர் கரோல் ஓபர் குழுவினர் பெரிய அளவில் சோதித்து 1999இல் முடிவை வெளியிட்டனர். ஊசி போட்டவர்களில் 36 விழுக்காட்டினருக்கும், மருந்தற்ற ஊசி பெற்றவர்களில் 48 விழுக்காட்டினருக்கும் வெற்றி கிட்டியது! 2002இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்கு வெளியே இச்சிகிச்சை கூடாதென அறிவித்தது. ஐரோப்பிய மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலும் வேண்டாம் என்றே சொல்கிறது.

பின் எப்படிச் சிலர், "இந்த ஊசி போட்டுத்தான் எனக்குப் பிள்ளை நின்றது" என்கிறார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை. பிரிட்டன், நெதர்லாந்து நாடுகளில் 836 பெண்களிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வொன்று இதற்கு விடை தருகிறது. அனைவரும் காரணம் தெரியாமல் மூன்று அல்லது அதற்கு மேலும் கருவை இழந்தவர்கள். ஒரு பிரிவினருக்குப் புரொஜெஸ்டிரோன், மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. மருந்து பெற்றவர்களில் 66 விழுக்காட்டினரும், போலி மாத்திரை பெற்றவர்களில் 63 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றனர். அதாவது மூன்று முறை இழந்த பெண்ணுக்கும் நான்காவது முறை, எதுவும் செய்யாவிடினும், குழந்தை கிடைக்கும் வாய்ப்பே அதிகம். வயது ஏற ஏற அது குறையும். இந்நிலையில் எந்த ஊசியைப் போட்டாலும் பாதிக்கு மேற்பட்டோர் அதைப் புகழத்தான் செய்வார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். பனம்பழத்துக்கு மகிழலாம், காக்கைக்குக் கூலி கொடுப்பதுதான் வேண்டாதது.

தொடக்க வாரங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதி, குரோமோசோம் எண்ணிக்கை பிறழ்ந்தவை. மருமகள் குடத்தைத் தூக்கினாள், பப்பாளி தின்றாள், படி ஏறினாள் என்று வீட்டில் நடக்கும் விசாரணைக்கும் அதற்கும் யாதொரு தொடர்புமில்லை.

அடுத்தடுத்துக் கரு கலைந்தால் செய்யத்தக்க பரிசோதனைகள் சிலவே. மேலே சொன்ன எதிர்ப்பொருள்களை இருமுறை பார்த்தல், தைராய்டு, கருப்பையின் வடிவத்தைக் காணும் ஸ்கேன் ஆகியன முக்கியமானவை. நம்மூரில் வழக்கமாக எழுதித் தரப்படும் டார்ச் பரிசோதனை அவற்றில் சேராது. அதில் ஐ.ஜி.ஜி. மட்டும் பாசிட்டிவ் என வருவது பெரும்பாலும் என்றோ வந்துபோன பழைய தொற்றின் அடையாளமே. ரூபெல்லாவைப் பொறுத்தவரை அது பாதுகாப்பும் ஆகும். இறுதியாக, திரும்பத் திரும்பக் கரு கலையும் தம்பதியரில் 100க்கு 2 முதல் 5 வரை, இருவரில் ஒருவருக்குக் குரோமோசோம் துண்டு இடம் மாறியிருக்கும். அவருக்கு உடல்நலக் குறை ஏதும் தோன்றாது. அந்த ஒருவர் மனைவியாகவும் இருக்கலாம், கணவனாகவும் இருக்கலாம். மருத்துவர் அப்பரிசோதனையை எழுதித் தந்தால் இரத்தம் கொடுக்க இருவருமே செல்ல வேண்டும்.