நாள்பட நிறுத்திய டீசல் எஞ்சின் கிளம்பவில்லையா?

திருத்தணி வட்டாரத்தில் கிணற்று மேட்டுக் கொட்டகைகளில் மின் மோட்டாருக்குப் பக்கத்தில் சாக்குப் போர்த்திய பழைய டீசல் எஞ்சின் ஒன்று ஒதுங்கிக் கிடப்பதைக் காணலாம். 1984ல் சிறு விவசாயிகளுக்கும், 1990ல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமான பிறகு, 'ஆயில் எஞ்சின்' என்று கிராமத்தில் சொல்லப்படும் இந்த 5 குதிரைசக்தி எஞ்சின்களுக்கு வேலை குறைந்துவிட்டது. விற்றால் பழைய இரும்பு விலைதான் கிடைக்கும் என்பதால் விற்கவும் மனம் வருவதில்லை.

வைத்திருப்பது வீண் என்று சொல்வதற்கில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது திருவள்ளூர் மாவட்டத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து மின்சாரம் தடைப்பட்டது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழையும் பொய்த்திருந்தது. கதிர் வெளிவரும் தருணத்தில் நெல்லுக்குத் தண்ணீர் தவறினால் மணி பிடிக்காமல் பதராகும். அப்படிப்பட்ட நாளில்தான் சாக்கை விலக்கி ஹாண்டிலைப் போட்டுச் சுற்றுவார்கள். எஞ்சின் கிளம்பாது.

இத்தகைய எஞ்சின்களில் பெரும்பாலும் எதுவும் உடைந்திருப்பதில்லை. தண்ணீர், காற்று, டீசலில் படிந்த பிசின் ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். அவசரப்பட்டு முதலில் டீசல் பம்பைக் கழற்றிவிடுவது பல ஊர்களில் வழக்கமாக இருக்கிறது. இது சரியல்ல. பம்பு கடைசியாகத் தொட வேண்டிய பாகம்.

ஹாண்டிலைப் போடுவதற்கு முன், டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டு பிளைவீலைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றவில்லை என்றால் பிஸ்டன் துருவில் பிடித்திருக்கிறது. நாசிலைக் கழற்றி அந்தத் துவாரத்தின் வழியாக டீசலும் எஞ்சின் ஆயிலும் சமமாகக் கலந்து இரண்டு மூன்று கரண்டி ஊற்றி, ஓர் இரவு ஊற விடவும். மறுநாள் பிளைவீலை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் அநேகமாக விட்டுக்கொடுக்கும். கடப்பாரையால் நெம்பினால் ரிங் உடையும். நாசிலை மாட்டுவதற்கு முன் பத்துச் சுற்றுச் சுற்றி, ஊற்றிய எண்ணெயை வெளியேற்றிவிட வேண்டும். எண்ணெய் அமுங்காது, உள்ளே தங்கினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

அடுத்தது ஆயில். அளவுக் குச்சியை எடுத்துப் பார்க்கும்போது ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் மழைத் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். நிமிர்ந்த சைலன்சர் குழாயை மூடாமல் விட்டதன் பலன் அது. அந்த ஆயிலோடு எஞ்சினை ஒரு நிமிடம் கூட ஓட்டக் கூடாது.

இனி டீசல். பாதி காலியாக விட்ட டாங்கியில் பகல் வெப்பமும் இரவுக் குளிரும் மாறி மாறித் தாக்கும்போது உள்ளே வியர்த்து நீர் சேரும். நீர் கனமானது, அடியில் தங்கும். நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகிப் பாசி போன்ற வழுவழுப்பு உண்டாகி பில்டரை அடைக்கும். எனவே பழைய டீசலை அடி பிளக் வழியாக முழுவதும் இறக்கிவிட்டு, டாங்கியைக் கழுவி, பில்டரை மாற்றிப் புது டீசல் ஊற்ற வேண்டும். டாங்கி மூடியில் உள்ள சிறு துவாரத்தையும் பார்க்கவும். குளவி மண் வைத்து அடைத்திருந்தால் எஞ்சின் கிளம்பிச் சற்று நேரம் ஓடி நின்றுவிடும். காரணம் தெரியாமல் நாள் முழுவதும் தேட நேரும்.

டாங்கியைக் காலி செய்தால் குழாயில் காற்றுப் புகும். காற்று அமுங்கும் இயல்புடையது. பம்பு அழுத்தும்போது அது சுருங்கி விரியுமே தவிர நாசிலைத் திறக்காது. பில்டரின் மேல் உள்ள திருகைத் தளர்த்தி, நுரை நின்று டீசல் தெளிவாக வரும் வரை விட்டு இறுக்கவும். பிறகு பம்பின் திருகிலும், கடைசியில் நாசில் குழாயின் நட்டிலும் இதையே செய்ய வேண்டும். வரிசை மாறினால் வேலை ஆகாது.

இப்போது லீவரைத் தூக்கிவிட்டு ஹாண்டிலைச் சுற்றிக் காது கொடுத்துக் கேட்கவும். நாசிலில் 'கிர்ர்' என்ற சத்தம் வந்தால் டீசல் உள்ளே போகிறது. பிறகு லீவரை விட்டு வேகமாகச் சுற்றும்போது, கிளம்பாவிட்டாலும் வெள்ளைப் புகை வந்தால் டீசல் சேர்கிறது, எரியவில்லை என்று பொருள். அப்போது கம்ப்ரஷனைத்தான் சந்தேகிக்க வேண்டும்: துருப்பிடித்துத் திறந்தபடி நின்ற வால்வு, ஒட்டிப்போன ரிங், காற்று பில்டருக்குள் எலி கட்டிய கூடு. சத்தமும் இல்லை, புகையும் இல்லை என்றால் குறை பம்பில் அல்லது நாசிலில்.

பம்பின் உள்ளே இருக்கும் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். அங்கே டீசல் காய்ந்து பிசினானால் பிளஞ்சர் நகராது. 1951ல் பெங்களூரில் தொடங்கிய 'மைகோ' கம்பெனியின் பெயரால் விவசாயிகள் அறிந்த பம்பு இது. 2008 முதல் கம்பெனியின் பெயர் பாஷ். 1954ல் ஜெர்மனியில் வெளிவந்த மெர்சிடிஸ் 300 எஸ்.எல். பெட்ரோல் காரிலும் இதே இனத்தைச் சேர்ந்த பம்புதான். இன்று பல கோடி ரூபாய் பெறும் அந்தக் காரும், நெடுநாள் நிறுத்தினால் கிணற்று மேட்டு எஞ்சினுக்கு வரும் அதே நோயில் படுக்கும்.

பம்பின் ராக் கம்பி விரலால் தள்ளினால் தடையின்றி நகர வேண்டும். இறுகியிருந்தால் சுத்தமான டீசல் விட்டு ஊற வைத்து அசைக்கலாம், சுத்தியல் கூடாது. முழு டீசல் நிலையில் ராக் சிக்கியிருக்க எஞ்சின் கிளம்பினால் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். அப்படியும் விடாவிட்டால் பம்பை மரத்தடியில் பிரிக்காமல், பம்பு சோதனைக் கருவி உள்ள பட்டறைக்கு எடுத்துச் செல்வதே சிக்கனம். மண்ணெண்ணெய் கலந்து ஓட்டும் பழக்கமும் வேண்டாம். டீசலின் எண்ணெய்ப் பசையே பிளஞ்சருக்கு மசகு.

நாசிலை வெளியே திருப்பி மாட்டி அது தூவுவதைப் பார்க்கும் வழக்கம் உண்டு. சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அளவு அழுத்தத்தில் வரும் அந்தத் தூவல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். வெளியில் ஊசிக் குத்துப் போலத்தான் தெரியும். உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க வேண்டி வரலாம். குத்தினால் அன்றே, அப்பொழுதே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெட்ரோல் நனைத்த துணியைக் காற்றுக் குழாயில் வைத்துக் கிளப்புவதும் ஆபத்து. ஹாண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும்; திருப்பி அடித்தால் மணிக்கட்டு தப்பும்.

இந்தப் பம்புகள் 20 அடிக்கு மேல் ஆழத்திலிருந்து தண்ணீரைச் சரியாக உறிஞ்சுவதில்லை. அதற்காக எஞ்சினைக் கிணற்றுக்குள் படிமேடையில் இறக்கி ஓட்டுகிறார்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து உயிர் விடுகிறார். தண்ணீர் அவ்வளவு கீழே போய்விட்டால் அந்தக் கிணற்றுக்கு இந்த எஞ்சின் உதவாது என்று விட்டுவிடுவதே மேல்.

மறுபடி நிறுத்தி வைக்கும்போது டாங்கியை விளிம்பு வரை நிரப்பவும். சூடாக இருக்கும்போதே ஆயிலை மாற்றவும். சிலிண்டரைச் சுற்றியுள்ள தண்ணீரை வடிக்கவும். கம்ப்ரஷன் இறுகும் இடத்தில் பிளைவீலை நிறுத்தினால் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். சைலன்சருக்கு ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துவிட்டு, மாதம் ஒரு முறை கால் மணி நேரம் தண்ணீர் இறைக்கும்படி ஓட்டினால் போதும். எஞ்சினிலிருந்து ஆயிலை வடித்துவிட்டு வைத்தால், 'ஆயில் இல்லை' என்று ஓர் அட்டையில் எழுதி ஹாண்டிலில் கட்டித் தொங்கவிடவும்.