பூஸ்டர் வாங்கும் முன்

பெங்களூரில் ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் ரோடு பக்கம் அடுக்குமாடிக்குக் குடிவருபவர்கள் முதல் வாரமே கேட்பது: "வீட்டுக்குள்ள டவரே கிடைக்கல, பூஸ்டர் எங்க வாங்கலாம்?" ஆன்லைனில் கிடைக்கிறது, பில்லும் தருகிறார்கள். ஆனால் உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனங்கள் தவிர வேறு யாரும் அதை வைத்திருப்பதோ விற்பதோ பயன்படுத்துவதோ சட்டவிரோதம். மத்திய தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூலையில் இதைத் தெளிவாகவே அறிவித்தது.

தடைக்குக் காரணம் இருக்கிறது. மாடியில் ஒரு ஆன்டெனா, ஹாலில் இன்னொன்று, நடுவில் சிக்னலைப் பெருக்கும் ஒரு பெட்டி; இதுதான் பூஸ்டர். ஆன்டெனா இரண்டுக்கும் போதிய இடைவெளி இல்லாவிட்டால், ஸ்பீக்கர் முன் பிடித்த மைக் போலத் தன் சத்தத்தையே வாங்கிப் பெருக்கும். அந்த இரைச்சலில் டவருக்கு மற்றவர்களின் போன் எட்டாது. எதிர் பிளாக்கில் ஒருவர் 108-ஐ அழைத்தால் அதுவும் துண்டிக்கப்படலாம்.

வீட்டுக்குள் சிக்னல் ஏன் வருவதில்லை? கம்பி கட்டிய கான்கிரீட்டும் உலோகப் பூச்சுள்ள ஜன்னல் கண்ணாடியும் அலைகளைத் தடுக்கின்றன. டவர் ஆன்டெனாக்கள் பெரும்பாலும் தெருவை நோக்கிச் சாய்ந்திருப்பதால் மேல்மாடிகளிலும் சிக்னல் தடுமாறும்.

வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் போன் செட்டிங்கில் வைஃபை காலிங்கை ஆன் செய்யுங்கள். ஏர்டெல், ஜியோ இரண்டும் இதற்குத் தனிக்கட்டணம் வாங்குவதில்லை. கரண்ட் போனால் ரவுட்டரும் அணையும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அதற்கொரு சின்ன யுபிஎஸ் அவசியம்.

இதோடு நின்றுவிடக் கூடாது. மாதாமாதம் பணம் வாங்குகிற நிறுவனம் சேவை தரக் கடமைப்பட்டது. 198-ல் புகார் செய்து டாக்கெட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தீரவில்லையென்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அவர் 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை. நுகர்வோர் ஆணையம் விசாரிக்கும்: தொலைபேசி நிறுவனங்கள் மீது அங்கே வழக்குப் போடலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் வழக்குக் கட்டணமே இல்லை.

நம்பரை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றவும் உரிமை உண்டு. 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் வரும் குறியீட்டோடு புதிய நிறுவனத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன், அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள கவரேஜ் வரைபடத்தில் உங்கள் தெருவைத் தேடிப் பாருங்கள். பக்கத்து வீட்டில் அந்த சிம் வைத்திருப்பவரைக் கூப்பிட்டு, உங்கள் படுக்கையறையில் நின்று பேசச் சொல்வது அதைவிட நம்பகமானது.

கட்டடம் முழுக்கவே சிக்னல் இல்லையென்றால் குடியிருப்போர் சங்கம் எழுத்தில் கேட்க வேண்டும். கட்டடத்துக்குள் ஆன்டெனாக்களை நிறுவனமே அமைத்துத் தர முடியும். அது சட்டப்படியானது, அடுத்த பிளாக்குக்கும் தொந்தரவில்லை.