முந்திப் பொரிந்த குஞ்சு

கோழிமுட்டை பொரிவதற்கு 21 நாள் ஆகும் என்பதை நாட்டுப்புறத்தில் அறியாதார் இல்லை. அடைவைத்த நாளைச் சுவரில் கரிக்கோடிட்டுக் குறித்து, மூன்று வாரம் நிறைந்ததும் அடைக்கூடையை எட்டிப் பார்ப்பார்கள். ஆனால் எல்லாக் குஞ்சுகளும் நம் கணக்குப்படி வருவதில்லை. சில, 19ஆம் நாளிலோ 20ஆம் நாள் விடியலிலோ ஓட்டை விட்டு வெளிப்பட்டுவிடுகின்றன. அத்தகைய குஞ்சைப் பிழைக்கவைப்பது எங்ஙனம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். அதற்கு முதலில், கடைசி மூன்று நாட்களில் முட்டையினுள் நடப்பது யாது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

முட்டைக்குள் வளரும் குஞ்சுக்கு நெடுநாள் வரையில் சுவாசப்பையால் பயனில்லை. ஓட்டின் உட்புறத்தை ஒட்டி ஒரு மெல்லிய சவ்வு படர்ந்திருக்கிறது. அதில் இரத்தக் குழாய்கள் வலைபோலப் பின்னியிருக்கின்றன. ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகளின் வழியே வரும் பிராணவாயுவை இக்குழாய்களே வாங்கிக் குஞ்சின் உடலுக்குக் கொண்டுசெல்கின்றன. குஞ்சு பெரிதாக ஆக இந்தக் காற்று போதாமற்போகிறது, கரியமிலவாயு மிகுகிறது. அந்த நெருக்கடியில் குஞ்சின் பிடரித் தசை துடிக்கிறது. அலகு மேல்நோக்கி உந்துகிறது. முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறையின் சவ்வு கிழிபடுகிறது. குஞ்சு தன் வாழ்வின் முதல் மூச்சை அங்கேதான் இழுக்கிறது. முட்டையைக் காதருகே பிடித்தால் கீச்சென்ற மெல்லொலி கேட்கும்.

பிறகு, அலகின் நுனியிலுள்ள சிறு கூர்முனையால் ஓட்டில் ஒரு பொத்தல் விழுகிறது. இக்கூர்முனைக்கு முட்டைப்பல் என்று பெயர். பொரிந்த சில நாட்களில் தானே உதிர்ந்துவிடும். பொத்தல் இட்ட குஞ்சு உடனே வெளிவருவதில்லை. பன்னிரண்டு மணி நேரம், சிலபோது ஒரு நாள் முழுவதும்கூட, அசைவின்றிக் கிடக்கிறது. பார்ப்பவர் மனம் பதறுவது இந்த வேளையில்தான். ‘பாவம், களைத்துவிட்டது’ என்று எண்ணி ஓட்டை உரிக்கத் தொடங்குகிறார்கள். உண்மையில் குஞ்சு சும்மா கிடக்கவில்லை. சவ்விலுள்ள இரத்தம் சிறிது சிறிதாக உடலுக்குள் திரும்பிக்கொண்டிருக்கிறது. எஞ்சிய மஞ்சட்கருப் பை, தொப்புளின் வழியே வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. இந்த மஞ்சட்கருவே வெளியுலகில் அதன் முதற் கட்டுச்சோறு. பொரிப்பகத்தார் ஒரு நாட் குஞ்சுகளைத் தீவனமின்றிப் பெட்டிகளில் அடைத்து நெடுந்தொலைவு அனுப்ப முடிவது இதனாலேதான்.

ஆசிரியப் பயிற்சியின்போது கரும்பலகையில் முட்டை வரையக் கற்றோம். அப்படங்களில் முட்டைக்குள் குஞ்சு இருக்கும். அடுத்த படத்தில் வெளியே நிற்கும். நடுவிலுள்ள இந்த ஒரு நாளை வரைந்தவர் ஒருவருமில்லை. அதனை விடுத்தால் குஞ்சைப் பற்றிக் கற்றதெல்லாம் அரைப்பாடமே என்பது என் எண்ணம்.

முந்திப் பொரிவதற்குக் காரணம் பல. பொரிப்புப் பெட்டியில் வெப்பம் ஏறத்தாழ 37.5 டிகிரி செல்சியஸ் இருத்தல் வேண்டும். அது சற்றே கூடினாலும் குஞ்சு அவசரப்படும், தொப்புள் மூடாமலே வெளிவரும். இடியோசை முட்டையைக் கெடுக்கும் என்று அடைக்கூடையில் இரும்புத் துண்டும் கரியும் போடுவார் உண்டு. இடியைவிடக் கோடையின் வெப்பத்துக்கே நாம் அஞ்ச வேண்டும். முட்டைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதும் உண்டு என்றால் வியப்பீர்கள். காடை முட்டைகளை 1960-களில் ஆராய்ந்த மார்கரெட் வின்ஸ் என்ற ஆங்கில அம்மையார், பொரியும் தறுவாயிலுள்ள குஞ்சுகள் எழுப்பும் ‘டக் டக்’ ஒலி, பக்கத்து முட்டைகளை விரைவுபடுத்துகிறது என்று கண்டார். நம் வீடுகளிலோ பெரும்பாலும் கோழியின் கால் மிதித்து ஓடு உடைவதே காரணமாகிறது.

நான் தலைமையாசிரியனாயிருந்த சிற்றூரில், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி காலையில் ஒரு கொட்டாங்கச்சியை ஏந்திக்கொண்டு வந்தாள். அதில் பழந்துணியின்மேல் ஒரு குஞ்சு. 20ஆம் நாள் அது. பாதி ஓடு உடைந்துபோயிருந்தது. தொப்புளில் சுண்டைக்காய் அளவு மஞ்சட்கருப் பை தொங்கியது. “ஐயா, இன்னொரு முட்டையும் நசுங்கியது, அதை அண்ணன் உரித்துவிட்டான், இரத்தம் வந்து செத்துவிட்டது. இதையும் உரிக்கட்டுமா?” என்று கேட்டாள். அழுகையை அடக்கிக்கொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது. உரிக்க வேண்டாம் என்றேன்.

ஒரு தேநீர்க் கோப்பையின் அடியில், வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த தூய மெல்லிய துணியை விரித்தோம். அதன்மேல் குஞ்சை, எஞ்சிய ஓட்டோடும் பையோடும் வைத்தோம். கோப்பையைக் காற்றுத் துளையிட்ட ஓர் அட்டைப் பெட்டிக்குள் நிறுத்தி, மேலே 40 வாட் விளக்கைத் தொங்கவிட்டு, வெப்பமானியைக் குஞ்சின் பக்கத்தில் வைத்து, 37 டிகிரிக்கு மேலே போகாதபடி விளக்கை ஏற்றியும் இறக்கியும் பார்த்தோம். பெட்டியின் மூலையில் ஒரு கிண்ணம் நீர். ஈரம் குறைந்தால் சவ்வு காய்ந்து தோல்போல இறுகிக் குஞ்சை நெரித்துவிடும். அலகின் துளைகளில் நீர் படாமல், சவ்வை மட்டும் அவ்வப்போது விரல் நுனியால் நனைத்தாள் அந்தப் பெண். மாலையில் பை பாதியாகியிருந்தது. மறுநாள் விடியலில் தொப்புளில் ஒரு சிறு புள்ளியே எஞ்சியிருந்தது.

மாணவ நண்பர்களே, இதில் செய்யாது விடுத்தவற்றை உற்று நோக்குங்கள். பையை வெட்டவில்லை, இழுக்கவில்லை, விரலால் உள்ளே தள்ளவுமில்லை. பை கிழிந்தால் குஞ்சு பிழைப்பது அரிது. பாலோ சர்க்கரை நீரோ புகட்டவில்லை. வாயில் ஊற்றும் நீர் எளிதில் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். பை முற்றும் உள்ளே சென்றபின், நீர் கலந்த அயோடின் மருந்தைத் தொப்புளில் பஞ்சால் ஒற்றினால் புண் சீழ்பிடியாது.

ஓட்டை நீக்கவே கூடாதோ என்று கேட்பீர்கள். பொத்தல் இட்டு ஒரு நாள் கடந்தும் முன்னேற்றமில்லை, சவ்வு வெளுத்துக் காய்ந்துவிட்டது என்றால் உதவலாம். இரவில் கைவிளக்கின் ஒளியை முட்டையோடு ஒட்டிப் பிடியுங்கள். செந்நிறக் குழாய்கள் தெரிந்தால் வேளை வரவில்லை. தெரியாவிட்டால், காற்றறைப் பக்கத்திலிருந்து மணி அளவாக ஓட்டைப் பெயர்த்து, ஈரம் இட்டுச் செல்லுங்கள். ஊசிமுனை அளவு இரத்தம் கண்டாலும் நிறுத்தி, மூன்று நான்கு மணி நேரம் காத்திருங்கள். கடைசிச் சுற்றைக் குஞ்சே உதைத்துத் தள்ளட்டும். இவ்வளவும் செய்தும் மாயும் குஞ்சுகள் உண்டு. 19ஆம் நாளுக்கு முன் வெளிப்பட்டவை பிழைப்பது மிக அரிது.

வெளிவந்த குஞ்சை வழுவழுப்பான காகிதத்தின்மேல் விடாதீர்கள். கால் இருபுறமும் விரிந்து நிற்க மாட்டாமற்போகும். சொரசொரப்பான துணி போதும். மேனி உலர்ந்து தானே எழுந்து நின்றபின், ஆழமில்லாத தட்டில் நீரும், பிறகு நொறுக்கிய அரிசி நொய்யும் வைக்கலாம். தாயிடம் சேர்ப்பதாயின் இருட்டியபின் சேர்க்க வேண்டும். கோழி உறங்கும்போது அதன் மார்படியில் குஞ்சை மெல்ல நுழைத்துவிட்டு, விடியுமுன் எழுந்துபோய்ப் பாருங்கள். கோழி கொத்துமாயின் குஞ்சை எடுத்து மீண்டும் விளக்கடியில் வையுங்கள். கூடவே அதன் உடன்பிறப்புகளுள் ஒன்றைத் துணைக்கு விட்டால் தனிமையில் கத்திச் சோராது.