சவுக்குக் குச்சிக்கு ஒரு வேர்த்துணை

முருங்கைப் போத்தை வெட்டி நட்டால் தானே வேர் பிடித்துவிடும். சவுக்கு அப்படியில்லை. நேராகவும் வேகமாகவும் வளரும் தாய்மரத்தின் குணம் மாறாத கன்று வேண்டுமானால் விதை உதவாது; குச்சியிலிருந்துதான் எடுக்க வேண்டும். இளம் நுனிக்குச்சியை விரல் நீளத்துக்கு வெட்டி, அடிமுனையை ஐ.பி.ஏ. என்ற வேரூக்கிப் பொடியில் தொட்டு, வெர்மிகுலைட் நிரப்பிய குழாயில் செருகி, ஈரம் குறையாத பாலிதீன் கூடாரத்தில் வைப்பார்கள். சில வாரங்களில் வெட்டுவாயில் வெள்ளை வேர் தெரியும்.

வேர் வந்தாலும் ஒரு குறை இருக்கிறது. வெர்மிகுலைட்டில் நோய்க்கிருமி இருக்காது. சவுக்கின் கூட்டாளியும் இருக்காது. சத்தில்லாத கடற்கரை மணலில்கூடச் சவுக்கு செழிப்பதற்குக் காரணம் அந்தக் கூட்டாளியான பிராங்கியா. இழை இழையாக வளரும் இந்தப் பாக்டீரியா வேருக்குள் புகுந்து, காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றி மரத்துக்குத் தருகிறது. மரம் பதிலுக்குச் சர்க்கரை தருகிறது. பிராங்கியா தங்கும் வேர்முடிச்சு நிலக்கடலை வேரிலுள்ள உருண்டை மணி போல இருக்காது. பவளக்கொத்து மாதிரி கிளைத்திருக்கும். பிராங்கியாவைத் தனியே பிரித்து வளர்ப்பது லேசில் முடியவில்லை. 1978இல்தான் அது கைகூடியது, அதுவும் ஒரு வட அமெரிக்கப் புதரின் முடிச்சிலிருந்து.

கன்றுக்குப் பிராங்கியாவைச் சேர்க்க, பழைய சவுக்குத் தோப்பு மண்ணை நாற்றங்காலில் கலப்பது பழகிய வழி. ஆனால் அதோடு நூற்புழுவும் வாடல் நோயும் வந்து சேரலாம். நோயற்ற மரத்தின் முடிச்சுகளைக் கழுவி, நசுக்கி, தண்ணீரில் கரைத்து, வேர்விட்ட கன்றின் அடியில் ஊற்றுவது அதைவிட மேல்.

பிராங்கியாவின் வேலை வேர் வந்த பிறகுதான். வேர் விடுவதற்கே கைகொடுப்பவை வேறு. விவசாயிகள் நன்கறிந்த அசோஸ்பைரில்லம், வேரைத் தூண்டும் ஆக்சின் வகை ஹார்மோனான ஐ.ஏ.ஏ.வைத் தானே சுரக்கிறது. பக்கவேரும் வேர்த்தூவியும் பெருகுகின்றன. பாஸ்போபாக்டீரியா, கரையாமல் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கிறது. இவற்றை நம்பி வேரூக்கிப் பொடியை அடியோடு விட்டுவிட முடியாது. முற்றிய மரத்தின் குச்சி எதைத் தொட்டு வைத்தாலும் வேர்விடத் தயங்கும்.

பாக்டீரியா பொட்டலம் வெயிலில் கிடந்தால் உள்ளே உயிர் மிஞ்சாது. யூரியாவை அள்ளிப் போட்டாலோ, ஓசியில் நைட்ரஜன் கிடைக்கும்போது வேர் முடிச்சுப் போடாது. கன்று வாங்கும்போது இரண்டு மூன்று குழாய்களை உருவி, வேரில் பவளக்கொத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.