ஏவலும் சான்றும்



நான் பள்ளித் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் ஒரு மாணவனிடம் சுற்றறிக்கையைக் கொடுத்து, "எல்லா வகுப்புகளிலும் காட்டிக் கையெழுத்து வாங்கி வா" என்று அனுப்புவதுண்டு. அவன் திரும்பி வந்து, "காட்டிவிட்டேன் ஐயா" என்பான். நான் அதனோடு விட்டுவிடமாட்டேன். கையெழுத்துகளை எண்ணிப் பார்ப்பேன். காட்டினேன் என்பது சொல்; கையெழுத்து என்பது சான்று. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு இன்றைய கணிப்பொறித் துறையிலும் எத்துணை இன்றியமையாதது என்பதைச் சென்ற விடுமுறையில் என் பேத்தியிடமிருந்து அறிந்துகொண்டேன். அதனையே இன்று உங்களுக்குக் கூற விழைகின்றேன்.

அவள் கல்லூரியில் கணிப்பொறியியல் பயில்கின்றாள். எங்கள் ஊர்ப் பேருந்துகளின் நேரத்தைக் காட்டும் சிறு செயலி ஒன்றைப் பயிற்சிக்காக எழுதியிருந்தாள். எழுதிவிட்டால் போதுமா? சிறிய திரையிலும் பெரிய திரையிலும், பழைய ஆண்ட்ராய்டிலும் புதிய ஆண்ட்ராய்டிலும் அது திறக்கின்றதா என்று பார்க்க வேண்டும் அன்றோ? அதற்காகப் பத்துக் கைப்பேசிகளை விலைக்கு வாங்க ஒரு மாணவியால் இயலாது. இங்கேதான் மெய்நிகர் கைப்பேசி துணைக்கு வருகின்றது.

மெய்நிகர் கைப்பேசி என்பது யாது? கணிப்பொறியின் உள்ளே ஓடும் ஒரு நிரல், கைப்பேசியின் உறுப்புகளைப்போல நடந்துகொள்கின்றது. அதன்மேல் உண்மையான ஆண்ட்ராய்டு இயங்குகின்றது. தான் இருப்பது கைப்பேசியா, கணிப்பொறியா என்ற வேறுபாடு பெரும்பாலும் அதற்குத் தேவைப்படுவதில்லை. ஒரு பொறிக்குள் பல பொறிகளைப் படைக்கும் இக்கருத்து புதிதன்று. 1960-களிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தார் ஒரு பெரிய கணிப்பொறியைப் பல கணிப்பொறிகளாகத் தோன்றச் செய்தனர். கூகுள் நிறுவனத்தின் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் இக்காலத்தில் கிடைக்கும் எமுலேட்டர், 'கியூஎமு' என்னும் மென்பொருளின் அடித்தளத்தில் அமைந்தது. அதனைத் தொடங்கியவர் பிரெஞ்சு நாட்டவரான ஃபாப்ரிஸ் பெல்லார்.

இந்தக் கைப்பேசியைக் கையால் தொட இயலாது. எனவே கட்டளைகளைக் கொண்டு செல்ல ஒரு பாலம் வேண்டும். அப்பாலத்திற்கு 'ஏ.டி.பி.' என்று பெயர். ஒரே கணிப்பொறியில் பல மெய்நிகர் கைப்பேசிகள் ஓடினால், முதலாவது 'எமுலேட்டர்-5554' என்றும், அடுத்தது 'எமுலேட்டர்-5556' என்றும் எண் பெறும். செயலிக்கும் இரு பெயர்கள் உண்டு. உங்களை வீட்டில் ஒரு பெயரால் அழைப்பார்கள். பள்ளிப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கும். அதுபோலத் திரையில் 'செட்டிங்ஸ்' என்று காணப்படும் செயலிக்குப் பதிவேட்டுப் பெயர் 'காம்.ஆண்ட்ராய்டு.செட்டிங்ஸ்' என்பதாகும். ஏ.டி.பி. வழியே 'ஏஎம் ஸ்டார்ட்' என்னும் கட்டளையை, இந்தப் பதிவேட்டுப் பெயரையும் திறக்க வேண்டிய பக்கத்தின் பெயரையும் சேர்த்து அனுப்பினால், அச்செயலி திறக்கும்.

பத்துக் கைப்பேசிகளில் இதனைத் திரும்பத் திரும்பச் செய்வது சலிப்பூட்டும் வேலை. ஆகவே அவள் அப்பணியைச் செயற்கை நுண்ணறிவு முகவர் ஒன்றிடம் ஒப்படைத்தாள். மொழி மாதிரி என்பது தானாகச் சொற்களை மட்டுமே தரும். அதனிடம் 'கட்டளை அனுப்பு', 'திரையைப் படமெடு' என்பன போன்ற கருவிகளைக் கொடுத்தால், அது முகவராகின்றது. பார்ப்பது, எண்ணுவது, செய்வது, மீண்டும் பார்ப்பது என்ற சுழற்சியிலே அது வேலை செய்கின்றது.

சிறிது நேரத்தில் முகவர், "பத்துக் கைப்பேசிகளிலும் செயலி திறந்துவிட்டது" என்று எழுதிற்று. பேத்தி மகிழ்ந்தாள். எனக்கோ பழைய சுற்றறிக்கை நினைவுக்கு வந்தது. "அம்மா, திரையைப் பார்த்தாயா?" என்று கேட்டேன். பார்த்தாள். பழைய ஆண்ட்ராய்டு ஓடிய இரண்டு கைப்பேசிகளில் செயலி இல்லை; முகப்புத் திரைதான் இருந்தது.

நடந்தது இதுதான். அந்தக் கட்டளைக்குக் கிடைக்கும் 'தொடங்குகின்றது' என்னும் மறுமொழி, வேண்டுகோள் சேர்ந்தது என்று மட்டுமே பொருள்படும். செயலி நிலைத்து நின்றது என்று பொருள்படாது. பழைய ஆண்ட்ராய்டில் இல்லாத ஒரு வசதியை அவளுடைய நிரல் நாடியதால், செயலி தோன்றிய கணத்திலேயே மறைந்தது. முகவர் மறுமொழியை மட்டும் படித்தது, திரையைப் பார்க்கவில்லை. பார்க்குமாறு அவளும் சொல்லவில்லை.

பிறகு அவள் ஏவலைத் திருத்தி எழுதினாள். முதலில், கைப்பேசி முழுமையாக விழித்துவிட்டதா என்று பார்க்க வேண்டும், 'சிஸ்.பூட்_கம்ப்ளீட்டட்' என்னும் குறிப்பு 1 என்று காட்டினால் விழித்துவிட்டது என்று கொள்ளலாம். அடுத்து, செயலி நிறுவப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். பின்னர்த் திறக்கச் சொல்லிச் சில நொடிகள் பொறுத்து, முன்னால் நிற்கும் செயலி எது என்று வினவித் திரையைப் படமெடுக்க வேண்டும். செயலி நிற்கவில்லையானால் பிழைப் பதிவைப் படித்து, உள்ளதை உள்ளவாறு எழுத வேண்டும். இம்முறை முகவர், எட்டில் திறந்தது, இரண்டில் திறக்கவில்லை என்று காரணத்தோடு எழுதிற்று.

அறிஞர்களும் இவ்வழியையே மேற்கொள்கின்றனர். கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஆண்ட்ராய்டுவேர்ல்டு' என்னும் தேர்வுக்களத்தில், 20 செயலிகளில் 116 பணிகள் உள்ளன. முகவர் "முடித்தேன்" என்று சொல்வதை வைத்து அங்கு மதிப்பெண் இடுவதில்லை. கைப்பேசியின் உள்நிலை மாறியுள்ளதா என்று சோதித்தே இடுகின்றனர்.

இரண்டு கைப்பேசிகள்தாமே என்று நீங்கள் எண்ணலாம். பழைய கைப்பேசியை வைத்திருப்பவர் யார்? புதியது வாங்க வசதியில்லாதவர். விடியற்காலையில் சந்தைக்குக் கூடை சுமந்து செல்பவர். பேருந்து நேரம் அவருக்கன்றோ மிகவும் வேண்டும்? சோதிக்காமல் விட்டிருந்தால் அந்தச் செயலி அவருக்கே பயன்படாமற் போயிருக்கும்.

இன்னொன்றும் சொல்வேன். பழகும்போது முகவரை மெய்நிகர் கைப்பேசியிலேயே ஏவுங்கள். அங்கே பிழை நேர்ந்தால் பழைய நிலையை மீட்டுக்கொள்ளலாம். உங்கள் சொந்தக் கைப்பேசியில் தவறாகச் சென்ற கடிதத்தையோ பணத்தையோ அவ்வாறு மீட்க இயலாது.

என் பேத்தி அந்த இரண்டு கைப்பேசிகளுக்காக மேலும் இரண்டு இரவுகள் உழைத்தாள். மூன்றாம் நாள் பத்துத் திரைகளின் படங்களையும் என்முன் வைத்தாள். நான் மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். பத்தும் இருந்தன.