முகத்துக்கு க்ரீம் வாங்கும் முன்

“முகத்துல மங்கு இருக்கு, ஏதாவது க்ரீம் கொடுங்க” என்று மருந்துக்கடையில் கேட்டால், பல இடங்களில் மறுபேச்சில்லாமல் ஒரு சின்ன ட்யூப் கைக்கு வந்துவிடுகிறது. சில நாட்களில் முகம் பளிச்சென்று ஆகும். அக்கம்பக்கத்துக்கும் அதே ட்யூப் சிபாரிசாகும். அதன் பொடி எழுத்தில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று ஏதேனும் பெயர் இருந்தால், அது ஸ்டீராய்டு. இப்படிப்பட்ட 14 பூச்சு மருந்துகளை 2018-ல் மத்திய அரசு ‘ஷெட்யூல் எச்’ பட்டியலில் சேர்த்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்பது சட்டமீறல்.

கையில் தடவும் மருந்தை முகத்தில் தடவினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. தோல் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. மேல்தோல், உள்தோல், அடியில் கொழுப்பு என்ற அடுக்குகள் பொதுவானவை, தடிமன் வேறு. கண்ணிமையில் மேல்தோல் மிக மெல்லியது, உள்ளங்காலில் மிகத் தடித்தது. ஸ்டீராய்டு எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளந்து பார்த்த ஆய்வில், முன்கையைவிட நெற்றி 6 மடங்கும் தாடையோரம் 13 மடங்கும் உள்ளே இழுத்துக்கொண்டன. முழங்கைப் படைக்கு எழுதித் தந்த மருந்து முகத்துக்கு ஆகாது என்பதற்கு இதுவே காரணம்.

நிறமிச் செல்கள் மேல்தோலின் அடிவரிசையில் இருக்கின்றன. கறுத்தவருக்கும் சிவந்தவருக்கும் அவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். சுரக்கும் மெலனினின் அளவும் வகையும்தான் மாறுகின்றன. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நம்மைக் காக்கும் கவசம் அது. அதைக் குறைத்துக்கொள்வதை அழகு என்று நம் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எனக்குப் பெரும் வேதனை.

மாதக்கணக்கில் ஸ்டீராய்டு பூசினால் தோல் மெலியும், ரத்தக்குழாய்கள் சிவந்த இழைகளாகத் தெரியும், பருவும் பூனைமுடியும் கிளம்பும். நிறுத்தினால் முகம் எரியும், சிவக்கும். பயந்துபோய் மறுபடி அதையே பூசுவார்கள். “எனக்கு சென்சிடிவ் ஸ்கின்” என்று சொல்லும் சிலருக்குப் பிறவித் தோல் அப்படியில்லை. க்ரீம்தான் அப்படி ஆக்கியிருக்கிறது.

உங்கள் தோல் எந்த வகை என்பதை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். மென்மையான சோப்பால் முகம் கழுவி, ஒற்றித் துடைத்து, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு டிஷ்யூ காகிதத்தை நெற்றி, மூக்கு, கன்னம் என்று தனித்தனியாக அழுத்திப் பாருங்கள். எல்லாவற்றிலும் எண்ணெய் ஒட்டினால் எண்ணெய்ச் சருமம். நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் என்றால் கலப்பு. கறையே இல்லாமல் முகம் இழுத்துப் பிடித்தாற்போல் இருந்தால் வறண்டது. பருவம், வயது, கர்ப்பம் எல்லாம் இதை மாற்றும். ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருப்பவருக்கு இந்தச் சோதனை சரியாக வராது.

பாதரசம் இன்னொரு ஆபத்து. 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் பாதரசம் கலந்த சிவப்பழகு க்ரீம் பூசிய சிலருக்குச் சிறுநீரகம் பாதித்தது. தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள். வெளிநாட்டுச் சரக்கில் இறக்குமதிப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே ஸ்டீராய்டு க்ரீமில் சிக்கிக்கொண்டவர்கள் திடீரென்று தாமாக நிறுத்தாமல், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள். படிப்படியாகக் குறைக்க வழி சொல்வார்கள். பக்கவிளைவை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். சீட்டில்லாமல் விற்ற கடையைப் பற்றி மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். நுகர்வோர் உதவிக்கு 1915. நஷ்டஈடு வேண்டுமானால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. எல்லாவற்றுக்கும் பில் வேண்டும், கேட்டு வாங்குங்கள். காலி ட்யூபையும் அட்டைப்பெட்டியையும் எறிந்துவிடாதீர்கள். எதைப் பூசினீர்கள் என்று மருத்துவர் கேட்கும்போது முதலில் தேவைப்படுவதும் அவைதான்.