புகைத்தல் தடை: பல்கலைக்கழக மாணவர்கள் என்ன சொல்கிறார்கள்?

பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிவிட்டால் நமது வீடுகளில் அன்று பெருநாள்தான். உம்மாமார் பெட்டி அடுக்கி, துஆச் செய்து அனுப்பி வைக்கிறார்கள். ஆனால் விடுதியின் முதல் மாதங்களில் அவனிடம் முதல் சிகரட்டை நீட்டுவது யார், அதை மறுக்க அவனுக்கு எது துணை நிற்கும் என்பதை நாம் அதிகம் சிந்திப்பதில்லை.

2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகாரசபைச் சட்டம், மூடப்பட்ட பொது இடங்களில் புகைத்தலைத் தடை செய்கிறது. விரிவுரை மண்டபங்களும் சிற்றுண்டிச்சாலைகளும் இதில் அடங்கும். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு சிகரட் விற்பதும் குற்றமாகும். உயர்தரம் எழுதி, பெறுபேறு வந்து, வளாகத்துக்குள் நுழையும்போது பிள்ளைக்குப் பெரும்பாலும் 20 அல்லது 21 வயதுதான். எனவே புதுமுக மாணவர் பலருக்கு சிகரட் விற்பதே சட்டவிரோதம்.

விடுமுறையில் ஊர் வந்திருந்த மாணவ மாணவியர் சிலரிடம் இந்த விதிகள் பற்றிக் கேட்டேன். கருத்துக்கள் பலவிதமாக இருந்தன.

"எனது உடல், எனது காசு. நாங்கள் சிறுபிள்ளைகள் அல்லவே" என்றார் ஒரு மாணவர். கேள்வி நியாயமானது போலத் தோன்றும். ஆனால் உடல் நமது சொத்தல்ல, அல்லாஹ்வின் அமானிதம். நம்மை நாமே அழிவில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று திருக்குர்ஆன் தடுக்கிறது. இளமையை எதில் கழித்தாய், செல்வத்தை எதில் செலவிட்டாய் என மறுமையில் கேட்கப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். மேலும், புகை பிடிப்பவரோடு நின்றுவிடுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி புகையிலையால் ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மரணிக்கின்றனர். இவர்களில் 10 இலட்சத்துக்கும் அதிகமானோர் தாம் புகைக்காமல் பிறரது புகையைச் சுவாசித்தவர்கள்.

"சட்டம் கட்டிடத்துக்குள்தானே? மரத்தடியில் பிடித்தால் என்ன?" என்றார் இன்னொருவர். பச்சை வெங்காயமும் பூண்டும் ஹலாலான உணவுகள். ஆயினும் அவற்றை உண்டவர் அந்த வாடையோடு பள்ளிவாசலுக்கு வந்து பிறரைத் தொல்லைப்படுத்த வேண்டாம் என நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வெறும் வாடைக்கே இந்த ஒழுக்கம் என்றால், நோய் தரும் புகைக்கு என்ன சொல்வது?

ஒரு மாணவி சொன்னது சிந்திக்க வைத்தது. "விதி இல்லாவிட்டால், புகைக்காதே என்று நாங்கள் கேட்பது கெஞ்சுவதாகிவிடும். விதி இருப்பதால் அது எங்கள் உரிமை."

முதலாம் வருட மாணவர் ஒருவர் வேறொரு பயனைக் கண்டிருந்தார். சிரேஷ்ட மாணவர் சிகரட்டை நீட்டும்போது மார்க்கம் பேசினால் கேலி செய்வார்களாம். 'பிடிபட்டால் என் படிப்பு போய்விடும்' என்றால் விட்டுவிடுவார்களாம். வற்புறுத்தினால் அது பகிடிவதை. அதற்கெதிராக 1998 இலேயே தனிச்சட்டம் உண்டு என்பதைப் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது.

"விதி சுவரில் இருக்கிறது, சிகரட் வாசலில் உள்ள பெட்டிக்கடையில் இருக்கிறது" என்று சலித்துக்கொண்டார் மற்றொருவர். அதிலும் உண்மை உண்டு. உஸ்மானிய சுல்தான் நான்காம் முராத் 1633 இல் புகையிலையைத் தடை செய்து, மீறியோருக்கு மரண தண்டனையும் வழங்கினார். அப்படியும் புகை ஒழியவில்லை. உள்ளம் ஏற்காத சட்டம் நீடிப்பதில்லை.

புகையிலை முஸ்லிம் நாடுகளுக்கு வந்த காலத்தில் அது ஆகுமானதா, மக்ரூஹா, ஹராமா என உலமாக்கள் கருத்து வேறுபட்டார்கள். அதன் தீங்கு அன்று தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. இன்று தெரிந்துவிட்டது. அதனாலேயே இக்கால உலமாக்களில் மிகப் பலர் அதை ஹராம் என்கிறார்கள்.

இறுதியாக ஒருவர் மெல்லிய குரலில் கேட்டார்: "மௌலவி, எனக்குப் பத்து வயதாக இருக்கும்போதே கடைக்குப் போய் சிகரட் வாங்கி வரச்சொன்னது வாப்பாதான். வளாகம் மட்டும் என்னைத் திருத்துமா?"

சகோதரிகளே, இக்கேள்விக்கு வளாகத்தில் பதில் இல்லை. நமது வீட்டில்தான் இருக்கிறது. சிறு பிள்ளையின் கையில் காசைக் கொடுத்து சிகரட் வாங்க அனுப்பும்போது, கடைக்காரரைச் சட்டத்தை மீற வைக்கிறோம். சிகரட் பெரியவர்களின் சாதாரணப் பொருள் என்று பிள்ளைக்கும் கற்பிக்கிறோம். அந்த அனுப்புதலை இன்றே நிறுத்துங்கள். வீட்டுக்குள் புகைக்க வேண்டாம் என்று கணவரிடம் அன்பாக, அதே நேரம் உறுதியாகச் சொல்லுங்கள். விருந்தாளிக்கும் இதே விதி இருக்கட்டும்.

புகைப்பவரை வெறுக்க வேண்டாம். நிக்கொட்டின் மனிதரை அடிமையாக்கும் பொருள், விடுவது இலகுவல்ல. ஆனால் றமழானில் 13 மணித்தியாலத்துக்கும் மேலாக அல்லாஹ்வுக்காகச் சிகரட்டைத் தொடாதிருப்பவர், தம்மால் முடியும் என்பதை அவரே நிரூபிக்கிறார். நோன்பு திறந்தபின் அவர் கை சட்டைப்பைக்குப் போகாதிருக்க, அருகிலிருந்து உதவுங்கள். தேவையெனில் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பிள்ளை வளாகம் செல்லுமுன் பெட்டியோடு சேர்த்து, 'வேண்டாம்' என்று சொல்லும் துணிவையும் கொடுத்தனுப்புவோம். அல்லாஹ் நமது இளைஞர்களையும் நமது இல்லங்களையும் பாதுகாப்பானாக. ஆமீன்.